வன்னிக் கிராமங்களில் குடும்பங்களோடும் இளையோரோடும் திருச்சபைப் பணி: எங்கிருந்து தொடங்குவது?

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் இளையோர் ஒன்றியத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கோயிலுக்கு அண்மையில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். பாடசாலையை இடையில் விட்ட பிள்ளைகள் அங்கே பலர். சிலர் கஞ்சா, ஐஸ் (மெதம்பெற்றமின் போதைப்பொருள்) என்று போகத் தொடங்கிவிட்டார்கள். கனடாவில் இருக்கும் ஊரவர்கள் கொஞ்சம் பணம் அனுப்பத் தயார். இளைஞர்களுக்கு ஒரு விழிப்புணர்வு முகாம் வைத்துத் தொடங்கலாமா? கிராமத்தில் பெரும்பாலானோர் சைவர்கள் என்பதால், மதம் மாற்ற வருகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால் என்ன செய்வது?

முகாமை ஒத்திவையுங்கள், தம்பி. பணத்தையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரேயொரு குறிச்சியைத் தெரிந்தெடுத்து வீடு வீடாகப் போய்வரத் தொடங்குங்கள். இளைஞனை அவனுடைய வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் அறிந்துகொள்ள முடியும். அந்த வீட்டின் பாரம் குறையாமல் அவனுக்குச் சொல்லப்படும் எந்தப் புத்திமதியும் அவன் காதில் ஏறாது. வன்னியில் நல்லபடி நடந்த பணிகளையும் பெயருக்கு நடந்த பணிகளையும் பல காலம் கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பிள்ளைகள் யார் என்று பாருங்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது கைக்குழந்தையாகவோ தாயின் வயிற்றிலோ இருந்தவர்கள்தான் இன்று பதினாறு, பதினேழு வயதில் ஒழுங்கை முகப்பில் நிற்கிறார்கள். செட்டிகுளம் மனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் கூடாரங்களுக்கு நடுவே நடை பழகியவர்களும் அவர்களுக்குள் உண்டு. அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. போர் அவர்களுக்கு நினைவில் இல்லை. ஆனால் போரின் ஒவ்வொரு நாளையும் நினைவில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத பெற்றோரிடம் வளர்ந்திருக்கிறார்கள். தகப்பன் இல்லாத வீடு. தகப்பன் உடம்பில் செல் துண்டோடு வெயிலில் நின்று வேலை செய்ய முடியாத வீடு. தகப்பன் பின்னேரமானால் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் தேடிப் போகும் வீடு.

ஒரு வீட்டைக் கிட்டவிருந்து காட்டுகிறேன். விசுவமடுப் பக்கம், இந்திய வீட்டுத் திட்டத்தில் எழும்பிய வீடு. அத்திட்டம் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாயைக் கட்டங்கட்டமாகக் கொடுத்தது. மணலும் சீமெந்தும் கூலியும் ஏறிய வேகத்தில் கூரை போட்டதோடு காசு முடிந்துவிட்டது. சுவர் பூசவில்லை. யன்னல் நிலைகளுக்குக் கதவில்லை. உரப்பையைப் பிரித்து ஆணி அடித்திருந்தார்கள். வீட்டை முடிப்பதற்காகத் தாய் நுண்கடன் எடுத்தார். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் குழுக் கடன் அது. ஒருவர் கட்டத் தவறினால் மற்ற நால்வர் தலையில் விழும். அதைக் கட்ட இன்னோரிடத்தில் இன்னொரு கடன். கிழமைக் காசு வாங்க வருகிறவர் மோட்டார் சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவிட்டு, காசு கைக்கு வரும் வரை எழும்பாமல் இருப்பார். மூத்த மகனுக்கு அப்போது பதினைந்து வயது. அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருக்கத் தன் தாய் அயல் வளவுக்குக் கைமாற்றுக் கேட்டுப் போனதைக் கண்டவன், அந்தக் கிழமையே இரவில் மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தோடு போகத் தொடங்கினான். இரவெல்லாம் மணல் அள்ளுகிறவன் காலையில் சீருடை போட எழும்புவானா? கொஞ்ச நாளில் இடைவிலகிய மாணவர் பட்டியலில் அவன் பெயர் ஏறியது. கஞ்சா அதற்குப் பிறகு வந்தது, அந்த இரவு வேலைக் கூட்டாளிகளிடமிருந்து.

போதை அவனைக் கெடுத்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. என் கணக்கில் அவன் தாயின் மானத்தைக் காக்கப் புறப்பட்ட பிள்ளை. இவனைக் கூட்டிவந்து மண்டபத்தில் இருத்தி, பதாகை கட்டி, போதைப்பொருளின் தீமைகளை ஒலிபெருக்கியில் சொன்னால் என்ன நடக்கும்? சிற்றுண்டிப் பொதியை வாங்கிக்கொண்டு போவான். அவ்வளவுதான். அந்த மண்டபத்தில் போதையின் தீமையை எவரைவிடவும் நன்றாக அறிந்தவன் அவனாகவே இருப்பான்.

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. சில வீடுகளுக்கு அது மூச்சு விட இடம் கொடுத்தது. கடன் எடுக்கும் தேவை மட்டும் போகவில்லை. அதனால்தான் ஒரு பங்கு செய்யக்கூடிய பயனுள்ள வேலைகளில் ஒன்று என்று பெண்களின் சிறு சேமிப்புக் குழுவைச் சொல்வேன். கிழமைக்கு ஒரு சிறு தொகை, கொப்பி ஒன்று, பூட்டுள்ள பெட்டி ஒன்று, திறப்பு வேறொருவரிடம். அவசரத்துக்குத் தமக்குள்ளேயே கைமாற்று எடுத்துக்கொள்வார்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபையினர் இருக்கும் பங்கென்றால் வீடு சந்திக்கும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு, அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

வீடு சந்திப்பது எப்படி என்று கேட்பீர்கள். இருவராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒரே கிழமை நாள், ஒரே நேரம், அதே இருவர். படிவம் கொண்டுபோகாதீர்கள். 2009க்குப் பிறகு எத்தனையோ அமைப்புகள் வந்து குடும்ப விவரம் எழுதிக்கொண்டு போயிருக்கின்றன. பலர் மறுபடி அந்த ஒழுங்கைக்கு வரவில்லை. போரில் யாரை இழந்தீர்கள் என்று நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொல்லும் நாள் வரும், அன்று அவசரப்படாமல் இருந்து கேளுங்கள். பிளேன்ரீ தந்தால் குடியுங்கள். விவிலியத்தில் இறைவாக்கினர் எலியா சாரிபாத் ஊர்க் கைம்பெண்ணிடம் போனபோது முதலில் அவளிடம்தான் தண்ணீரும் அப்பமும் கேட்டார். கொடுக்க எதுவும் இல்லாதவர் என்று ஒருவரை ஒதுக்காமல், அவர் கையால் வாங்கி உண்ட பிறகுதான் அந்த வீட்டில் மாவு குறையாமல் இருந்தது. வன்னிச் சனம் பெரும் விவசாயச் சனம், கடற்றொழில் செய்த சனம். ஊருக்கே நெல் அளந்தவர்கள். வாங்குகிற கையாக மட்டும் தங்களை யாரும் பார்ப்பதை அவர்கள் விரும்புவதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தாய்மார் தொடங்கிய போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். இறந்தவருக்குச் சைவ வீட்டில் அந்தியேட்டியும் திவசமும் உண்டு. நமக்கு நவம்பர் 2 உண்டு, கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துகிறோம். காணாமற்போனவருக்கு இவை எதையும் செய்ய முடியாது, செய்தால் இறந்துவிட்டார் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அந்தத் தாய் தவிக்கிறாள். அந்த வீட்டில் வளரும் பிள்ளை, தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்விக்கு நடுவில் வளர்கிறான். இதற்குப் போதனை எதுவும் மருந்தாகாது. அவர்கள் போராட்டக் கொட்டகையில் இருக்கும் நாள்களில் நீங்களும் போய் ஒரு பொழுது இருந்துவிட்டு வரலாம். பிள்ளையின் தகப்பன் பெயரைத் தெரிந்துவைத்து, அவரைப் பற்றி அவனோடு இயல்பாகக் கதைக்கலாம். தகப்பன் எப்படிப் பந்தடிப்பார், எந்தக் குளத்தில் மீன் பிடிப்பார் என்று கேட்டறிந்த பிள்ளையின் முகம் தெளிவதைக் கண்டிருக்கிறேன்.

திருச்சபைக்கு வன்னியில் ஒரு மதிப்பு இருக்கிறது. அது எதனால் வந்தது என்று இளையோர் தெரிந்திருக்க வேண்டும். அருட்தந்தை பாக்கியரஞ்சித் 2007 செப்டெம்பர் 26 அன்று வெள்ளாங்குளம் பக்கம் இடம்பெயர்ந்தோருக்கான பொருள்களோடு போகும் வழியில் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். ஊர் முழுவதும் கிளி பாதர் என்று அழைத்த அருட்தந்தை கருணாரட்ணம் 2008 ஏப்ரல் 20 அன்று அதேபோல் கொல்லப்பட்டார். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், 2009 மே 18 அன்று வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடவே போனார். இன்று வரை தகவல் இல்லை. மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, வன்னியில் கணக்கில் வராமற்போன 146,679 பேர் எங்கே என்று 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார். இவர்கள் யாரும் சனத்தை விட்டு விலகவில்லை. இந்த மதிப்பின் மேல்தான் நீங்கள் நிற்கிறீர்கள். ஒரு பொதி அரிசிக்காக அதைச் செலவழித்துவிடக் கூடாது.

இங்கேதான் மதமாற்றப் பேச்சு வருகிறது. அந்தச் சந்தேகத்தை வெறும் காழ்ப்பு என்று தள்ளிவிட வேண்டாம். போருக்குப் பின் சில இடங்களில் உதவியும் ஆராதனைக்கு வருகையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்பட்டன. கிழமைக் கூட்டத்துக்கு வந்தவருக்கே பொருள் என்று நடந்தது. பசியை வைத்து விசுவாசம் வாங்குவது சுவிசேஷத்துக்கே அவமானம் என்று நான் நினைக்கிறேன். யாராவது தானாக விரும்பி நம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் சொல்லுங்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதி செய்கிறது, விரும்பிய மதத்தைத் தழுவும் உரிமை உட்பட. ஆனால் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்கினால் அதில் நம் மன்றாட்டைத் திணிக்காதீர்கள். வகுப்பைக் கோயில் மண்டபத்தில் வைக்காமல் சனசமூக நிலையத்தில் வையுங்கள். பிள்ளையார் கோயில் பரிபாலன சபைத் தலைவரிடம் முதல் நாளே போய், இன்ன வேலை செய்யப் போகிறோம், உங்கள் பிள்ளைகளும் படிப்பிக்க வர வேண்டும் என்று கேளுங்கள். பொங்கலுக்கு நீங்களும் போங்கள். சைவ ஆசிரியை ஒருவர் கணிதம் படிப்பிக்க முன்வந்தால் பேச்சுத் தானாக அடங்கும். அடங்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்டவர்களுக்கு ஊரே பதில் சொல்லும்.

அடுத்தது காகித வேலை. சலிப்பான வேலை என்று இளையோர் தட்டிக்கழிப்பார்கள், ஆனால் ஒரு குடும்பத்தின் நிலையை மாற்ற இதைவிடக் கைமேல் பலன் தரும் உதவி அரிது. இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்த பிள்ளைகள், பதினைந்து வயது கடந்தும் தேசிய அடையாள அட்டை எடுக்காதவர்கள், 2023இல் சமுர்த்தி உதவிப்பணத்தின் இடத்துக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் பெயர் விடுபட்டு மேன்முறையீடு செய்யத் தெரியாதவர்கள் எல்லோரும் உங்கள் குறிச்சியிலேயே இருப்பார்கள். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நிலை இன்னும் இறுக்கம். பலர் இருக்கும் காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. அது இல்லாமல் வீட்டுத் திட்டமும் இல்லை. படிவம் நிரப்ப ஒருவர், பிரதேச செயலகத்துக்குக் கூடப் போக ஒருவர், பஸ் காசு. கிராம அலுவலர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோரை முதல் மாதத்திலேயே அறிமுகமாகிக்கொள்ளுங்கள். என்ன செய்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால், யார் வந்து விசாரித்தாலும் உங்களுக்குப் பாதுகாப்பு.

இனி அந்த இளைஞர்கள். பதினாறு வயது வரை பாடசாலைக்குப் போவது சட்டப்படி கட்டாயம், ஆகவே அதற்குக் கீழ்ப்பட்டவர்களைத் திரும்ப அனுப்ப அதிபரோடும் நன்னடத்தை உத்தியோகத்தரோடும் சேர்ந்து முயலுங்கள். வகுப்பில் தம்பி வயதுப் பிள்ளைகளோடு இருக்க வெட்கப்பட்டு மறுபடி ஓடுவார்கள். மாலை வகுப்பில் விட்ட பாடத்தைப் பிடித்த பிறகு அனுப்பினால் தங்குவார்கள். பதினாறைக் கடந்தவர்களுக்குத் தொழில். அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. முருங்கனில் டொன் பொஸ்கோ சபையினரின் தொழிற்பயிற்சி நிலையம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் உண்டு. இவற்றின் சான்றிதழ் வெளிநாட்டு வேலைக்கும் உதவும். ஆனால் ஒழுங்கை முகப்பில் நிற்பவன் நேரே விண்ணப்பம் போட மாட்டான். அவனுக்கு இடையில் ஒரு படி வேண்டும்.

அந்தப் படிக்கு ஓர் உதாரணம். சிறுபோகக் காலத்தில் ஊரில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களும் தண்ணீர் இறைக்கும் பம்புகளும் பழுதாகும். உள்ளூர் மேசன், மெக்கானிக் யாரையாவது பிடித்து, இரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்ளும்படி கேளுங்கள். முதல் மாதங்களின் நாட்சம்பளத்தில் ஒரு பங்கைக் கனடாப் பணத்திலிருந்து கொடுக்கலாம். நான் சொன்ன அந்த மணல் பிள்ளை ஒரு மெக்கானிக்கிடம் போனான். முதல் நாள்களில் யாரோடும் பேச்சில்லை. ஒரு பின்னேரம் காபரேட்டரைக் கழற்றி, துளை ஒன்றைச் செப்புக் கம்பியால் துழாவி, வாயால் ஊதி, பெற்றோலில் கழுவித் திரும்பப் பூட்டினான். இயந்திரம் மூன்றாம் இழுவையில் பிடித்தது. மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பம்பை அவன் பக்கம் தள்ளிவிட்டார். அன்று அவன் வீட்டுக்குப் போன நடையே வேறு. கஞ்சாவை அன்றே விட்டான் என்று சொல்ல மாட்டேன், பிறகும் இரண்டு தரம் வழுக்கினான். இரவு மணலுக்குப் போவது நின்றது.

ஐஸ் வேறு சங்கதி. அதற்கு மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. நீண்ட உளவளத்துணையும் வீட்டின் பொறுமையும்தான் சிகிச்சை. நிறுத்திய நாள்களில் கடும் மனச்சோர்வும் உயிரை மாய்க்கும் எண்ணமும் வரலாம், சிலருக்கு யாரோ துரத்துவதுபோல் பிரமை வரும். அதைப் பேய் என்று சொல்லி இரவிரவாக மன்றாடிக்கொண்டு இருக்க வேண்டாம். மன்றாடுங்கள், அதே நேரம் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற இலக்கத்தில் உளநல உதவி கிடைக்கும். இன்னொன்றையும் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். 2022இல் திருத்தப்பட்ட சட்டப்படி 5 கிராம் ஐஸ் ஒருவரிடம் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்க இடமுண்டு. ஒரு பொதியை அங்கே கொடுத்துவிட்டு வா என்று அனுப்பப்படுகிற பதினெட்டு வயதுக்காரனுக்கு இது தெரியாது. அனுப்புகிறவனுக்குத் தெரியும். விற்கிறவர்களோடு நீங்கள் நேரே மோதப் போகாதீர்கள், தகவல் சேகரிக்கவும் வேண்டாம். பிறகு எந்த வீட்டுக் கதவும் உங்களுக்குத் திறக்காது.

பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிடச் சொல்லித் தாய்மார் கேட்பார்கள். வன்னியில் அருட்சகோதரிகள் நடத்திய இல்லங்கள் போர்க்காலத்தில் செய்த சேவையை நான் கைகூப்பி மதிக்கிறேன். ஆனாலும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களைப் பிரிக்கிறது. இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவை அந்தத் தாய்க்கு ஒரு தையல் இயந்திரமாகவோ கோழிக் கூடாகவோ கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே வளரும். வீட்டில் அடியோ பாலியல் துன்புறுத்தலோ நடந்தால் மட்டும் கதை வேறு. அப்போது பங்குக்குள் வைத்து இணக்கம் பேச ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள், சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அறிவியுங்கள். துன்புறுத்தியவர் நம் சபையில் எவ்வளவு பெரிய மனிதராயிருந்தாலும் இதுதான் வழி. உங்கள் தொண்டர்களுக்கும் விதி வேண்டும்: மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது, பிள்ளைகளின் தொலைபேசிக்கு இரவில் செய்தி அனுப்பக் கூடாது, படங்களை முகநூலில் போடக் கூடாது. பணம் அனுப்புகிறவர்கள் படம் கேட்பார்கள். செலவுக் கணக்கை அனுப்புங்கள், பிள்ளையின் முகத்தை அனுப்பாதீர்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சிறிதாக, ஒழுங்காக, நீண்ட காலத்துக்கு வருவது நல்லது. ஒரே தடவையில் பெரிய தொகை வந்தால் ஊரில் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு இல்லை என்ற சண்டைதான் மிஞ்சும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் காரியம். பங்குத்தந்தை சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார். உங்களில் சிலர் பல்கலைக்கழகத்துக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போவீர்கள். ஆகவே பொறுப்பைத் தொடக்கத்திலேயே அந்தக் குறிச்சியைச் சேர்ந்த இருவரிடம், முடிந்தால் பெண்களிடம், அவர்களில் ஒருவர் சைவராயிருந்தாலும் தயங்காமல் கொடுங்கள். எந்த வீட்டுக்கு எந்தச் சான்றிதழ் பாக்கி, எந்தப் பிள்ளை எந்த மெக்கானிக்கிடம், சேமிப்புப் பெட்டியின் திறப்பு யாரிடம் என்பதெல்லாம் ஒரு கொப்பியில் அவர்கள் கையெழுத்தில் இருக்கட்டும். காலபோக விதைப்பு நடக்கும் நாள்களில் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள்; விதைப்பு முடிந்த கிழமையில் முதல் ஒழுங்கைக்குப் போங்கள்.